வாசகர் கேள்வி–பதில்: பிள்ளை உயிரை மாய்த்துக்கொண்ட வீட்டில்

பிள்ளையைத் தற்கொலையில் பறிகொடுத்த பெற்றோரும் உறவினர்களும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பெயர்களை எடுத்துவிட்டோம். இறந்த விதம் பற்றிய வரிகளையும் எல்லாக் கடிதங்களிலிருந்தும் நீக்கிவிட்டோம். பதில் எழுதுபவர்கள் இத்தகைய குடும்பங்களோடு வேலை செய்யும் மனநல ஆலோசகர்கள். படிக்கும்போது ‘நானும் போய்விடலாம்’ என்ற எண்ணம் உங்களுக்கு வந்தால், இதழை மூடிவைத்துவிட்டு 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.

மகனுக்கு 17 வயது. போய் நாலு மாதம் ஆகிறது. அன்று காலை, “எந்நேரமும் போன்தானா? பரீட்சைக்கு யார் படிப்பா?” என்று கத்தினேன். கடைசியாக அவனிடம் பேசியது அதுதான். நான்தான் காரணமா? எல்லாரும் “உன்மேல தப்பில்ல” என்கிறார்கள். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது. — ஒரு தாய், தேனி மாவட்டம்

எரிச்சல் வருவது நியாயம். நீங்கள் கணக்குக் கேட்கிறீர்கள். அவர்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுகிறார்கள். நாம் கணக்கையே பார்ப்போம்.

நீங்கள் சொன்ன அந்த வாக்கியத்தை ப்ளஸ் டூ பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் காலை ஏழு மணிக்குக் கேட்கலாம். தற்கொலை ஒரே ஒரு காரணத்தால் நடப்பதில்லை; இந்தத் துறையில் யாரும் மறுக்காத விஷயம் இது. வெளியே தெரியாத மனச்சோர்வு, தோல்வி பயம், அவமானம், பல நாள் தூக்கமின்மை, யோசிக்காமல் சட்டென்று இறங்கிவிடும் வயசு என்று பலதும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். கடைசியாக விழுந்தது மட்டும்தான் வீட்டாரின் கண்ணில் படுகிறது. 1958இல் லாஸ் ஏஞ்சலிஸில் தற்கொலைத் தடுப்பு மையம் தொடங்கியவர்களில் ஒருவரான எட்வின் ஷ்னெய்ட்மன், இறந்தவர்கள் எழுதிவைத்த கடிதங்களை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். தாங்க முடியாத மனவலியும், அந்த வலியில் யோசனை சந்துபோலக் குறுகிவிடுவதும்தான் அவர் கண்டது. அந்த நிலையில் அம்மா, தம்பி, நாளை விடியும் பொழுது எதுவுமே மனதுக்குத் தட்டுப்படாது. “எங்க நெனப்பே வரலையா அவனுக்கு?” என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். வரவில்லை என்றால், அதை அன்பின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் கடிதம் ஏதும் எழுதி வைத்திருந்தால் அதற்கும் இதுவே பொருந்தும். 17 வருட வாழ்க்கையின் முடிவுரையை அந்த ஒரு மணி நேரத்து மனம் எழுத முடியாது.

இப்போது ஒரு வேலை. 80 பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்தை நடுவில் மடித்துக் கோடு போடுங்கள். இடது பக்கத் தலைப்பு: ‘அன்று காலை எனக்குத் தெரிந்திருந்தது.’ வலது பக்கம்: ‘பிறகு தெரியவந்தது.’ ‘மாடல் தேர்வில் கணக்கில் மார்க் குறைவு’, ‘ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றான்’ போன்றவை இடது பக்கம் வரும். ‘நண்பனுக்கு மூன்று வாரம் முன்பே “போதும்டா” என்று மெசேஜ் அனுப்பியிருந்தான்’ என்பது வலது பக்கம். அந்த நிமிடத்தில் உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருந்தால் மட்டுமே ஒரு விஷயத்தை இடது பக்கம் எழுதலாம், விதி அவ்வளவுதான். குற்றவுணர்வில் பெரும்பகுதி, வலது பக்கத்துச் சங்கதிகளை இடது பக்கத்தில் தூக்கி வைத்ததால் வருகிறது என்பது நாலைந்து நாளில் தெரிய ஆரம்பிக்கும்.

எழுதுவதற்குப் பகலில் 15 நிமிடம் போதும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாராவது இருக்கும்போது எழுதுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குமேல் நோட்டைத் தொடவே கூடாது. இந்த முறை பலருக்குக் கெட்டுப்போவது, விடிகாலை இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் எடுத்து எழுத உட்காருவதால்தான். அந்த நேரத்து மூளை வக்கீல் இல்லாமல் நடத்தும் வழக்கில் நீங்கள் மட்டும்தான் குற்றவாளி. முதல் சில வாரங்களிலும் இது வேண்டாம். நாலு மாதம் ஆகிவிட்டதால் உங்களுக்குச் சொல்கிறோம்.

இடது பக்கத்தில் உண்மையான வருத்தமும் ஒன்றிரண்டு மிஞ்சும். கத்தியது மிஞ்சும். அதை நோட்டால் துடைக்க முடியாது. அதற்கு அவனுக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேளுங்கள். இரண்டு நாள் கழித்து, அவன் பேசும் பாஷையிலேயே அவனுடைய பதிலையும் எழுதிப் பாருங்கள். நல்ல நாளில் “ம்மா, சும்மா இரும்மா” என்று சொல்லக்கூடிய பையன் என்றால் அப்படியே எழுதுங்கள். எழுத முடியாமல் உடம்பு நடுங்கினால் நிறுத்திவிடுங்கள்; ஆலோசகர் பக்கத்தில் இருக்கும்போது தொடரலாம்.

ஒரு சொல் பற்றியும் சொல்லவேண்டும். ‘தற்கொலை’ என்ற சொல்லுக்குள்ளேயே கொலை இருக்கிறது. கொலை என்றால் கொலையாளி யார் என்று மனம் தேடும். பேச்சில் ‘உயிரை மாய்த்துக்கிட்டான்’ என்று சொல்லிப் பாருங்கள். சில தாய்மாருக்கு இந்த ஒரு மாற்றமே மூச்சுவிட இடம் கொடுத்திருக்கிறது.

முதலில் பார்த்தது நான்தான். கண்ணை மூடினால் அந்தக் காட்சி. அந்த அறைப் பக்கம் போக முடியவில்லை. மகளின் சிரித்த முகமே ஞாபகத்துக்கு வர மாட்டேன் என்கிறது. — ஒரு தந்தை, சேலம் மாவட்டம்

நீங்கள் சொல்வதில் துக்கம் பாதி, அதிர்ச்சி பாதி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. காட்சி தானாக வந்து விழுவது, அந்த இடத்தைத் தவிர்ப்பது, சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுவது, தூக்கம் கெடுவது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேலும் குறையாமல் இருந்தால், அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோயா என்று மனநல மருத்துவரிடம் பார்க்க வேண்டும். அதிர்ச்சி முதலில் தணிந்தால்தான் மகளின் மற்ற முகங்கள் திரும்பி வரும். அதிர்ச்சிக்கென்றே உள்ள உளவியல் சிகிச்சைகள் நன்றாகப் பலன் தருபவை. தேர்ந்தவரிடம் சில மாதங்களில் வித்தியாசம் தெரியும்.

அதுவரை, காட்சி வரும்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கண்ணைத் திறந்து, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்று என்ன தேதி, எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்றும் சொல்லுங்கள். ஈரத்துண்டால் முகத்தைத் துடையுங்கள். அறையைப் பூட்டியே வைப்பதும், ஒரே நாளில் காலி செய்வதும் இரண்டுமே பிறகு வருத்தம் தருகின்றன. பகலில், துணையோடு, கதவைத் திறந்து ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வருவதில் தொடங்குங்கள். துவைக்காத ஒரு சுடிதாரையோ துப்பட்டாவையோ ஜிப் வைத்த கவரில் போட்டு வைத்துவிடுங்கள். வாசனை போய்விட்டால் திரும்ப வராது. மற்றதைப் பிரிக்க அவசரமே இல்லை.

போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட், சர்டிபிகேட் என்று அலைகிறேன். எதை வாங்க வேண்டும், எதை விடலாம்? மகனின் போனும் ஸ்டேஷனில் இருக்கிறது. — ஒரு தந்தை, திருப்பூர்

இயற்கைக்கு மாறான மரணம் என்றால் போலீஸ் விசாரித்தே ஆகவேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவு. ‘கேஸ் போட்டுட்டாங்க’ என்று ஊரில் பேசுவதன் பொருள் இதுதான். உங்கள்மேல் குற்றம் சாட்டியதாக அர்த்தம் இல்லை.

நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டியது நான்கு தாள்: முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, விசாரணை முடிந்ததும் போலீஸ் தரும் இறுதி அறிக்கை, இறப்புச் சான்றிதழ். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்புவார்கள். பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். திருத்துவதற்கு அலைவது இந்த நேரத்தில் கொடுமை. உள்ளுறுப்பு மாதிரியைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் இறுதிக் கருத்து வர மாதக்கணக்கில் ஆகலாம். தினமும் போய் நிற்க வேண்டாம். இந்த அலைச்சலைப் பெற்றவர்களிடமிருந்து பிடுங்கி, மைத்துனரோ பங்காளியோ ஒருவர் ஒரு ஃபைலோடு எடுத்துக்கொள்வதுதான் சரி.

பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாங்குங்கள், ஆனால் படிக்காதீர்கள். அதில் இருக்கும் மொழி உடம்பைப் பற்றியது. அதன் ஒரு வரி பத்து வருடம் மனதில் உட்கார்ந்துகொள்ளும். உறையில் போட்டு ஒட்டி, உறவுக்காரர் வீட்டில் வையுங்கள். ‘ரொம்ப நேரம் வேதனைப்பட்டானா?’ என்பது போன்ற கேள்வி அரித்துக்கொண்டே இருந்தால், தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் அறிக்கையைக் கொடுத்து, உங்கள் கேள்விக்கு மட்டும் வாயால் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

யாரோ துன்புறுத்தித்தான் இப்படி ஆனது என்று சந்தேகம் இருந்தால், அதற்குத் தனிச் சட்டப் பிரிவு உண்டு: தற்கொலைக்குத் தூண்டியது, பாரதிய நியாய சன்ஹிதா 108, இறந்தவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 107. தேதி, பேச்சு, சாட்சி எல்லாம் நினைவு மங்குமுன் எழுதிவையுங்கள். வழக்கு நடத்துவதா இல்லையா என்பதைப் பதினாறாம் நாளுக்குள் நாலு பேர் கத்தி முடிவு செய்யவிடாதீர்கள். வழக்குக்கு வருடங்கள் ஆகும். அது முடிந்தால்தான் துக்கம் ஆறும் என்று வைத்துக்கொண்டவர்கள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் நாளுக்கே திரும்பிப் போகிறார்கள். வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். ஆறுவதற்கு அதை நிபந்தனையாக்க வேண்டாம்.

போன்: வாங்கிக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். விசாரணை முடிந்தபின் எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். தேவைப்பட்டால் வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் மனு. கைக்கு வந்ததும் பேட்டர்னை ஊகித்து ஊகித்துப் போடாதீர்கள். லாக் ஆகிவிடலாம், தரவு அழியலாம். சிம்மை ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். ப்ரீபெய்ட் எண் 90 நாள் சும்மா கிடந்தால் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் நீக்கப்படும். அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் உங்கள் போனிலும் இருக்கும். முதல் வேலையாக அதை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். “அப்பா, வரும்போது பரோட்டா வாங்கிட்டு வாங்க” என்ற எட்டு விநாடி ஒரு நாள் சொத்தாகத் தெரியும்.

அக்காவின் மகள் போய்விட்டாள். நாங்கள் என்ன செய்தால் உதவியாக இருக்கும்? — ஒரு சித்தி, தஞ்சாவூர்

வாசலில் ஒரு ஆளை உட்கார வையுங்கள். துக்கம் விசாரிக்க வருபவர்கள் “எப்படி? யார் முதல்ல பாத்தது? லெட்டர் ஏதும் இருந்துச்சா? லவ்வா?” என்று கேட்பார்கள். ஒரு நாளில் நாற்பது தடவை அதைச் சொல்லவைப்பது சித்திரவதை. வாசல் ஆள் இரண்டே வாக்கியம் சொல்லி உள்ளே அனுப்பட்டும்: “பாப்பா உயிரை மாய்ச்சுக்கிட்டா. அக்காகிட்ட அதப்பத்திக் கேக்காதீங்க, பாப்பாவைப்பத்திப் பேசுங்க.” பெயரைச் சொல்லிப் பேசுவது முக்கியம். பெயரைச் சொன்னால் அழுவார்கள் என்று பயந்து எல்லாரும் விட்டுவிட, அந்தப் பெயரை வீட்டில் யாருமே உச்சரிக்காமல் போகிறது.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வேண்டாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் அதன்முன் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளைக்கு, இறந்தால்தான் கொண்டாடுவார்கள் என்று தோன்றிவிடும். ஒரு தற்கொலை அக்கம்பக்கத்து இளைஞர்களிடம் பரவக்கூடியது. அவளுடைய நெருங்கிய தோழிகள் மூன்று நான்கு பேரின் வீட்டுக்குப் போன் செய்து, “பிள்ளையைத் தனியா விடாதீங்க, பேச்சுக் கொடுங்க” என்று சொல்வது ஃபிளெக்ஸைவிடப் பெரிய மரியாதை.

சாப்பாடு பதினாறு நாளுக்கு ஊரே கொண்டுவரும். உங்களுடைய முறையை மூன்றாவது மாதத்துக்கு எடுத்துவையுங்கள். “ஏதாவது வேணும்னா சொல்லுங்கக்கா” என்றால் சொல்ல மாட்டார்கள். “வியாழக்கிழமை சாயங்காலம் இட்லி கொண்டாரேன், கேஸ் சிலிண்டர் புக் பண்ணிட்டேன்” என்று சொல்லுங்கள். முதல் வருடத்தில் பிறந்தநாள், ரிசல்ட் நாள், பொங்கல், தலைத்திவசம் இந்த நாலு தேதியையும் உங்கள் காலண்டரில் குறித்து, ஒரு வாரம் முன்பே கேளுங்கள்: எங்கே இருக்க விருப்பம், யார் கூட, எத்தனை மணி வரை. அந்த நாளைவிட அதற்கு முந்தின வாரம்தான் பலருக்குக் கொடியது.

மகன் இறந்ததை ஒன்பது வயது மகளிடம் ‘ஹார்ட் அட்டாக்’ என்று சொல்லிவைத்திருக்கிறோம். பெரியவளானதும் சொல்லலாமா? — ஒரு தாய், கோவை

இந்த வாரமே சொல்லிவிடுங்கள். பள்ளி வேனிலோ கல்யாண வீட்டிலோ வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்; அவளுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. நீங்கள் மறைத்தது தெரிந்தால் அண்ணனோடு சேர்த்து உங்களையும் இழந்ததுபோல் ஆகிவிடும். ‘வீட்டுல பேசக் கூடாத விஷயம்’ என்று ஒன்று உண்டு என அவள் கற்றுக்கொள்வது இன்னும் ஆபத்து. பின்னாளில் தனக்கு மனசு சரியில்லை என்றாலும் அதே பெட்டியில் போட்டு மூடிவிடுவாள்.

பகல் நேரம், விடுமுறை நாள், அவள் வழக்கமாக உட்காரும் இடம். அப்பாவும் அம்மாவும் இருவரும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஏறக்குறைய இப்படி: “அண்ணன் எப்படிச் செத்தான்னு உன்கிட்ட நாங்க சரியா சொல்லல. நீ பயந்துடுவேன்னு நெனச்சோம், அது எங்க தப்பு. அண்ணனுக்கு மனசுல ரொம்ப வலி இருந்துச்சு. அந்த வலில அவனால சரியா யோசிக்க முடியல. அவனே அவன் உயிரைப் போக்கிக்கிட்டான். அதுக்குத் தற்கொலைன்னு பேரு. நீ சொன்னதாலயோ செஞ்சதாலயோ இது நடக்கல. உனக்கு எப்பவாவது மனசு வலிச்சா எங்ககிட்ட சொல்லு, அந்த வலிக்கு உதவி இருக்கு.” இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவள் “டிவி போடட்டுமா?” என்று கேட்டால் போடலாம். மழைநீர்க் குட்டைகளில் குதித்துக் குதித்துப் போவதுபோலத்தான் குழந்தைகள் துக்கத்தைத் தாண்டுவார்கள். ஒரு நிமிடம் உள்ளே, அடுத்த நிமிடம் வெளியே. கேள்வி மறுநாள் பல் தேய்க்கும்போது வரும்.

‘எப்படி’ என்று கேட்டால் ஒரே வரியில் உண்மை, அதற்குமேல் விவரம் வேண்டாம். “தூங்கிட்டான்” என்று சொன்னால் தூக்கத்துக்குப் பயப்படுவாள். “சாமிகிட்ட நிம்மதியா இருக்கான்” என்பது பெரியவர்களுக்கு ஆறுதல். ஒன்பது வயதுக்கு அது ஒரு வழிகாட்டுதல்போலக் கேட்கும். “இனிமே நீதான் எங்களுக்கு எல்லாம்” என்று கட்டிப்பிடித்து அழுவதும் வேண்டாம். அந்தச் சின்னத் தோளுக்கு அது தாங்காது.

கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது, அடம்பிடிக்கும் பிள்ளையைவிட, திடீரென்று ரொம்பச் சமத்தாகிவிட்ட பிள்ளையை. உங்களை அழவைக்கக் கூடாது என்று தன் அழுகையை மறைக்கும் சமத்து அது. திரும்பத் திரும்ப வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர், ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்பது இரண்டு மூன்று வாரம் நீடித்தால் குழந்தை மனநல ஆலோசகரைப் பாருங்கள். வகுப்பாசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசி, நடந்ததையும், அழுகை வந்தால் அவள் எழுந்து போக ஒரு இடம் வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கணவர் கருமாதி முடிந்த மறுநாளே கடையைத் திறந்துவிட்டார். மகனைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறார். ராத்திரி குடி. எனக்கு வெறுப்பாக வருகிறது. — மதுரை

துக்கத்தை அழுது தீர்ப்பவர்கள் ஒரு வகை, வேலை செய்து தீர்ப்பவர்கள் ஒரு வகை. கடை திறந்தது அவருடைய அழுகையாக இருக்கலாம். மனிதர் எந்த வகையானாலும் துக்கத்துக்கும் பிழைப்புக்கும் இடையே போய்ப் போய் வரத்தான் வேண்டும் என்பது 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் வகுத்த பார்வை. இழப்புக்குள்ளேயே கிடப்பதும் நோய், அதன் பக்கமே போகாததும் நோய். இப்போது நீங்கள் ஒரு கரையில், அவர் மறுகரையில்.

வாரம் இரண்டு நாள், கடை சாத்தியபின் 20 நிமிடம் என்று வைத்துப் பாருங்கள். முகத்துக்கு முகம் உட்கார வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ பேசுவது இவர்போன்ற ஆண்களுக்குச் சுலபம். நீங்கள் பத்து நிமிடம், அவர் பத்து நிமிடம். அவர் பேசாவிட்டால் பத்து நிமிடம் சும்மா இருக்கட்டும். ஒரே ஒரு விலக்கு: “உங்களாலதான்” என்ற வார்த்தை அந்த 20 நிமிடத்தில் வரக் கூடாது. அந்த வார்த்தை இருக்கிறது என்றால், அதை ஆலோசகர்முன் எடுத்துவையுங்கள். பிள்ளை போனால் தம்பதிகள் பிரிந்துவிடுவார்கள் என்று சொல்லித் திரிபவர்களை நம்ப வேண்டாம். ஆய்வுகளில் அந்தக் கணக்கு நிற்கவில்லை.

குடியை மட்டும் துக்கத்தின் பேரில் விட்டுக்கொடுக்க முடியாது. அது தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் மனச்சோர்வைக் கூட்டி, ஆபத்தான எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் உள்ள தடையை எடுத்துவிடும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. யாரோ கொடுத்த பாதி அட்டை மாத்திரை வீட்டில் கிடந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். வயலுக்கு வாங்கிய மருந்து இருந்தால் வீட்டுக்கு வெளியே, பூட்டுப் போட்டு, சாவி வேறொருவரிடம்.

துர்மரணம் என்பதால் சடங்கு முழுதாகச் செய்யக் கூடாது என்கிறார்கள். ஒரு ஜோதிடர் பரிகாரத்துக்கு 60,000 ரூபாய் கேட்கிறார். — விழுப்புரம் மாவட்டம்

பணத்தைக் கொடுக்காதீர்கள். அகால மரணத்துக்கென்று நாராயண பலி போன்ற சடங்குகள் மரபிலேயே இருக்கின்றன. செய்ய விரும்பினால் குடும்பப் புரோகிதரிடம் கேட்டு வசதிக்கேற்பச் செய்யலாம். ‘செய்யாவிட்டால் அடுத்த பிள்ளைக்கும் ஆகும்’ என்று யார் சொன்னாலும் அது மிரட்டல். கத்தோலிக்கர்களுக்கு: தற்கொலை செய்தவருக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கும் விதி 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது, 1983இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தில் அது இல்லை.

நம் ஊர் மரபில் இதைவிடப் பழைய ஞானம் ஒன்று உண்டு. கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணைத் தென்மாவட்டங்களில் கன்னி தெய்வமாகவும், வடக்கே பூவாடைக்காரியாகவும் வைத்து, வீட்டுக் கல்யாணத்துக்கு முன் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். இறந்தவளை ஒதுக்காமல், பெயர் சொல்லி, பங்கு கொடுத்துக் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. இறந்தவரை ‘விட்டுவிட்டு’ நகர வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்த உளவியலும், 1990களில்தான் உறவைத் தொடர்வது ஆரோக்கியமானது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது.

14 மாதம் ஆகிவிட்டது. இன்னும் அவன் தட்டை எடுத்து வைக்கிறேன். சமையல், குளியல் எதுவும் ஓடவில்லை. அவனிடமே போய்விட்டால் என்ன என்று தோன்றுகிறது. — ஒரு தாய்

அம்மா, உங்களிடம் நேராகவே கேட்கிறோம்: போய்விட வேண்டும் என்பது ஏக்கமா, அல்லது எப்படி, எப்போது என்று யோசிக்கும் அளவுக்கு வந்திருக்கிறதா? அவனைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்பது ஏறக்குறைய எல்லாத் தாய்க்கும் வரும். வழியைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தால், இன்று ராத்திரி தனியாகப் படுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இந்த வரியைக் காட்டுங்கள். 14416, அல்லது சென்னை சிநேகாவின் 044-24640050. 1986 முதல் இதே வேலையைச் செய்யும் அமைப்பு அது. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் “பையன் போய்ட்டான், எனக்கும் போகணும்போல இருக்கு” என்று சொன்னால் போதும், மற்றதை அவர்கள் கேட்பார்கள். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பணம் இல்லாமல் பார்க்கலாம். (வீட்டார் கவனிக்க: இப்படி நேரடியாகக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. மனதில் இருப்பதைச் சொல்லத்தான் வழி பிறக்கும்.)

தட்டு எடுத்து வைப்பதில் தவறொன்றும் இல்லை. குளியலும் சமையலும் நின்றதுதான் கவலை. ஏக்கம் கொஞ்சமும் குறையாமல் நாளெல்லாம் ஆளை முடக்கிப்போட்டால் அதை நீடித்த துக்க நோய் என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. 6 மாதம் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு, அமெரிக்க மனநல மருத்துவர்கள் 12 மாதம் வைக்கிறார்கள். இரண்டின்படியும் நீங்கள் உதவி கேட்கும் நேரம் வந்துவிட்டது. துக்கத்துக்கென்றே வடிவமைத்த பேச்சு சிகிச்சை உண்டு. கூடவே மனச்சோர்வு நோய் இருந்தால் மாத்திரை தருவார்கள். அது வேலை காட்ட நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாளில் “ஒண்ணும் கேக்கல” என்று நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மாத்திரை மகனை மறக்கடிக்காது. எழுந்து குளிக்க வைக்கும்.

பஸ்ஸில், கல்யாணத்தில், “எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்கிறார்கள். ஒன்று என்றால் மகனுக்குத் துரோகம். இரண்டு என்றால் “என்ன பண்றாங்க?” என்று அடுத்த கேள்வி. — ஈரோடு

ஆளைப் பார்த்துப் பதிலை மாற்றலாம், அதில் பொய் ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் பக்கத்து சீட்டில் வருபவரிடம் “பொண்ணு காலேஜ் படிக்குதுங்க” என்று, எண்ணிக்கை சொல்லாமல் முடிக்கலாம். பழக வேண்டியவர் என்று தோன்றினால்: “ரெண்டு பேருங்க. பெரியவன் இப்ப இல்ல.” வீட்டில் கண்ணாடி முன்னால் நாலைந்து தடவை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், முதல் தடவை தொண்டை அடைக்கும். “அய்யோ, எப்படிங்க?” என்று வரும். “அத இன்னொரு நாள் சொல்றேங்க. நீங்க எந்த ஊர்?” என்று கேட்டுவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.